செங்காய் எங்கே, தம்பி?

கடைகளையும் அங்கே விற்கிற சரக்கையும் படமெடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் காய்கறிக்கடை மாதிரி என்னைத் திணறடித்த இடம் வேறில்லை. துணியோ பாத்திரமோ என்றால் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். காய்கறி அப்படியல்ல. காலையில் விறைப்பாக நிற்கிற கீரை மதியத்துக்குள் தலை சாய்த்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கொள்முதல், தராசு, கல்லா எல்லாம் ஓர் அக்காதான். வாசலில் மஞ்சள் தார்ப்பாய், உள்ளே ஒரு குண்டு பல்ப், அதன் பக்கத்தில் ஒரு எல்.இ.டி. மூன்றின் வெளிச்சமும் மூன்று நிறம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நடுப்பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின் என்றால் குண்டு பல்ப் 2700 கெல்வின்தான். நம் கண் இதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். கலந்த வெளிச்சத்தில் கேமராவால் அது முடியாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவே கணித்துச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பி எடுத்துவிட்டேன். தக்காளி மஞ்சள் பூத்துக் கிடந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சிவப்பை ஏற்றினேன். பளிச்சென்று வந்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல செங்காய் எங்கே, தம்பி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கூடையிலிருந்து இரண்டு தக்காளியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று முழுப் பழம். இன்னொன்றின் அடிப்பக்கம் சிவந்திருந்தது. காம்பைச் சுற்றி மட்டும் வெளிர்பச்சை ஒரு வளையமாக நின்று, ஆரஞ்சாகி, சிவப்பில் கரைந்துகொண்டிருந்தது. தக்காளி பழுப்பது பூ உதிர்ந்த முனையிலிருந்துதான். காம்புப் பக்கம் கடைசியாகச் சிவக்கும்.

"இது இன்னைக்கு ராத்திரிக்கு. இது ரெண்டு மூணு நாள் தாங்கும். எப்போ சமைக்கப்போறீங்கன்னு கேட்டுட்டுத்தான் எடுத்துப் போடுவேன். உங்க படத்துல எல்லாமே ஒரே பழமா இருக்கு."

நாள் முழுக்க அவர் செய்கிற வேலையே நிறம் பார்ப்பது. அந்த வேலையை என் படம் அழித்திருந்தது. அன்றிரவு ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டு இடது ஓரத்திலும் வெளிச்சம் வலது ஓரத்திலுமாகப் பதிவாகியிருப்பதைக் காட்டும் வரைபடத்தை, திறந்து பார்த்தேன். சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் போய் முட்டி நின்றது. அங்கே முட்டிவிட்டால் அதற்கு மேல் எந்த வேறுபாடும் பதிவாகாது; இளஞ்சிவப்பும் முழுச்சிவப்பும் ஒரே வண்ண அட்டையாகிவிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தில் இந்தக் குறை பெரும்பாலும் தெரியாது. மூன்று நிறத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று நானே கேட்டுப் போனேன், விடிந்த கையோடு. தார்ப்பாயைச் சுருட்டச் சொல்லி, விளக்குகளை அணைத்துவிட்டு, எந்த நிறச்சாயலும் இல்லாத சாம்பல் அட்டையை வைத்து, அதற்கேற்ப ஒயிட் பேலன்ஸ் எடுத்தேன். சிவப்பு முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, குறைத்தேன். கத்தரிக்காய்த் தோலில் வானம் வெள்ளையாகப் பிரதிபலித்தது. லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டியைத் திருப்பினால் அது போய்விடும். முழுக்கப் போனாலோ கத்தரிக்காய் உயிரில்லாமல் கிடக்கிறது. ஒரு கீற்றை விட்டுவைத்தேன். போலரைசர் இரண்டு ஸ்டாப் வரைக்கும், அதாவது நாலில் மூன்று பங்கு வரை, வெளிச்சத்தைத் தின்னும்; ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்க வேண்டியிருப்பதால் ட்ரைபாட் இல்லாமல் ஆகாது. கீரைக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். அப்போதுதான் இலை நரம்பு தெரியும். முன்பக்கம் இருட்டாமல் இருக்க ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் போதும்.

இந்த முறை அடுக்கை நான் தொடவில்லை. முதல் தடவை படத்துக்காகத் தக்காளியைக் கோபுரமாக அடுக்கியதில் அடியில் இருந்தவை வெடித்துப்போயிருந்தன. நான் இருந்தவரை அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் அடுக்குவதில் கணக்கு இருக்கிறது: பூசணி தரையில், கனிந்த பழம் ஒற்றை வரிசையாக, இன்றே போக வேண்டியது கைக்கெட்டும் இடத்தில்.

தண்ணீர் தெளித்துப் பளபளப்பேற்றுவதும் எனக்குப் பிடிக்காது. துளி சீக்கிரம் காயக்கூடாது என்று கிளிசரின் கலப்பவர்களும் உண்டு. ஸ்டுடியோவில் செய்யட்டும். விற்பனைக்கு வைத்திருக்கிற காயில் அதை எப்படித் தெளிப்பது?

மாலையில் விளக்குப் போட்டதும் கடை முகப்பை எடுத்தேன். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பல எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஷட்டரை 1/50 நொடியில் வைத்ததும் அது மறைந்தது.

கேமராத் திரையை அக்காவிடம் காட்டினேன். தக்காளிக் கூடையைப் பெரிதாக்கச் சொன்னார். கண்ணைச் சுருக்கி, விரலை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"இது இன்னைக்கு. இது நாளைக்கு. இது... நாளன்னைக்குக் காலையில."

அதற்குள் யாரோ வாசலில் வந்து நிற்க, கேமராவை என் கையில் திணித்துவிட்டுத் தராசுப் பக்கம் போனார்.