கூட்டத்துக்கு வர முடியாத பெத்தவங்களுக்கு யார் பேசறது?

"நம்ம பெத்தவங்களுக்கு புள்ளைங்க படிப்புல அக்கறையே இல்ல, எத்தன பேரு வந்தாங்க பாருங்க." பி.ஐ.பி.ஜி, அதான் பெற்றோர் ஆசிரியர் சங்கம், அதோட ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு நாற்காலிய அடுக்கறப்ப இத யாராவது ஒருத்தர் சொல்லாம இருந்ததே இல்ல. மலேசியாவுல, பினாங்கு பெருநிலத்துல, பிறை தொழிற்பேட்டைக்குப் பக்கத்துல இருக்கற ஒரு தமிழ்ப்பள்ளியில நான் வேலை செய்றேன், பாடம் நடத்தறதோட பி.ஐ.பி.ஜி செயலாளர் பொறுப்பும் ரொம்ப வருஷமா என்கிட்டதான் இருக்கு. வராதவங்களுக்கு அக்கறை இல்லன்ற பேச்ச என்னால ஒத்துக்கவே முடியல. ஏன்னு சொல்றதுக்குத்தான் இத எழுதறேன்.

நம்ம நாட்டுல பெத்தவங்களுக்கு சட்டப்படி இருக்கற இடம் ரொம்பச் சின்னது. அமெரிக்காவுல ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஸ்கூல் போர்டுனு ஒண்ணு இருக்கும், பெரும்பாலான ஊர்ல ஜனங்களே ஓட்டு போட்டு அதுக்கு ஆள எடுப்பாங்க. இங்க அப்படி கிடையாது. மாவட்டக் கல்வி இலாகா, அதான் பி.பி.டி, அங்க உக்காந்திருக்கற எல்லாருமே கல்வி அமைச்சு போட்ட ஆபிசருங்க. அவங்கள தேர்ந்தெடுக்கவோ மாத்தவோ பெத்தவங்களுக்கு வழி இல்ல. மிச்சம் இருக்கற முக்கியமான வாசல் பி.ஐ.பி.ஜி தான். அதுக்கும் 1998-ல வந்த விதிமுறை இருக்கு, பள்ளி நிர்வாகத்துலயும் ஆசிரியர்களோட தொழில் விஷயத்துலயும் சங்கம் தலையிடக்கூடாது, தலைமையாசிரியர் ஆலோசகரா இருப்பாரு. அந்த வாசல்ல யாரு நுழைய முடியுது யாரால முடியலன்னு பாக்காம விட்டா அப்புறம் பெத்தவங்க கருத்துன்னு நாம மேல அனுப்பறது யாரோட கருத்து?

எங்க பள்ளி பெத்தவங்கள எல்லாரையும் ஒரே மாதிரி நினைச்சுக்கறவங்க பள்ளிக்கூட வாசல்ல ஒரு சாயங்காலம் நின்னு பாக்கணும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு பஸ்ல பாலம் தாண்டிப் போற அம்மாங்க இருக்காங்க, காலைல ஏழு மணிக்கு ஷிஃப்ட் ஏறி ராத்திரி ஏழுக்கு இறங்கி வீட்டுக்கு வர எட்டரை ஆயிடும், அடுத்த சுத்துல இதே நேரம் தலைகீழா. செக்யூரிட்டி வேலை பாக்கற அப்பாங்க, ஈப்போ, கோலாலம்பூர்னு லாரி ஓட்டறவங்க, சிங்கப்பூருக்குப் போயிட்டு மாசம் ஒருதடவை வர்றவங்க. தாங்க வேலை செஞ்ச எஸ்டேட்ட முதலாளிங்க வித்த பிறகு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்கள். வக்கீல், பேங்க் ஆபிசர், சொந்தமா வொர்க்‌ஷாப் வெச்சிருக்கறவங்களும் இருக்காங்க. அப்பா தமிழர் அம்மா சீனர், வீட்டுல ஹொக்கியன் பேசற புள்ளைங்க சிலது இருக்கு. அம்மா அப்பா ரெண்டு பேருமே இல்லாம பாட்டி வளர்க்கற புள்ளைங்க நிறைய.

கூட்டம் எப்ப போடறோம்? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. அந்த நேரத்துல நைட் ஷிஃப்ட் முடிஞ்ச அம்மா அப்பத்தான் தூங்கப் போயிருப்பாங்க, ஃபேக்டரிக்கு ஞாயிறு திங்கள்னு பேதம் கிடையாது. அதனால வர்றவங்க யாருன்னா நேரத்த தானே வெச்சுக்கற வசதி உள்ளவங்க. நல்ல மனுசங்கதான், பள்ளிக்காக கைக்காசு போட்டு உழைச்சவங்க, அவங்கள ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க வீட்டுப் பிரச்சனை வேற, பிளாட்ல இருக்கறவங்க பிரச்சனை வேற.

நன்கொடை விஷயத்தயே எடுத்துக்கோங்க. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுன்னு ஆண்டுக்கூட்டத்துல முடிவு பண்ணுவாங்க. அத கட்டலன்னு புள்ளைய பள்ளியில சேக்காம இருக்க முடியாதுன்னு அமைச்சு திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு, அது நன்கொடைதான், கட்டணம் இல்ல. ஆனா தொகைய கூட்டணும்னு ஒருத்தர் எந்திரிச்சு சொன்னதும், ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னு கேட்டா, முன் வரிசைல பத்து கை போகும், பின்னால உக்காந்திருக்கற அம்மா நாலு பேரு முன்னாடி "என்னால முடியாது"ன்னு எப்படிச் சொல்லுவாங்க? மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? பக்கத்துல பாத்துட்டு மெதுவா கைய தூக்கிடுவாங்க. மினிட்ல, அதான் கூட்டக் குறிப்புல, ஏகமனதான்னு ஏறிடும். இத நான் எழுதியிருக்கேன், கண்ணால பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன். இப்ப சீட்டு குடுக்கறோம், பேர் போடாம எழுதி பெட்டியில போடணும். முதல்தடவை சீட்டுல ஓட்டு எடுத்தப்ப தொகை கூடவே இல்ல, போன வருஷத்துத் தொகையே நின்னுச்சு. அதுல ஒரு சீட்டுல தொகைக்குப் பதிலா "தவணையா கட்டலாமா டீச்சர்"னு எழுதியிருந்துச்சு. அப்படி ஒரு வழி வேணும்னு அதுக்கு முன்னாடி கூட்டத்துல ஒருத்தர்கூட கேட்டதில்ல.

எனக்கு இந்த விஷயம் முழுசா புரிஞ்சது டி.எல்.பி சமயத்துலதான். 2016-ல இருந்து வந்த திட்டம், அறிவியலும் கணிதமும் இங்கிலீஷ்ல நடத்தறது. ஒரு பள்ளி அதுல சேரணும்னா நிபந்தனைங்க இருக்கு, அதுல ஒண்ணு பெத்தவங்க சம்மதம். தமிழ்ப்பள்ளிங்கள்ல அது எவ்வளவு பெரிய சண்டையாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தமிழ் மெல்ல மெல்ல கரைஞ்சு போயிடும்னு ஒரு பக்கம், இடைநிலைப்பள்ளிக்கு போறப்ப புள்ளைங்க தடுமாறுதுன்னு ஒரு பக்கம். ரெண்டு பக்கத்துலயும் பேசினவங்க பெத்தவங்க பேர்லதான் பேசினாங்க, நியாயமும் ரெண்டு பக்கமும் இருந்துச்சு. எங்க பள்ளியிலயும் பேச்சு வந்துச்சு. சம்மதம் கேக்கற பாரம் (ஃபார்ம்) மலாய்ல, ஒரு பக்கம் முழுக்க விளக்கம், கீழ ரெண்டு கட்டம், சம்மதம், சம்மதமில்ல, கையெழுத்து, ஐ.சி (அடையாள அட்டை) நம்பர். புள்ளைங்க பையில போட்டு அனுப்பினோம். திரும்பி வந்தது பாதிகூட இல்ல. கூட்டத்துல ஒருத்தர் சொன்னாரு, "பாரம் வரலன்னா மறுப்பு இல்லன்னுதான் அர்த்தம், சம்மதத்துல சேத்துக்கலாம்." இன்னொருத்தர் உடனே, "இல்ல, எதிர்ப்புல சேருங்க"ன்னாரு. ரெண்டு பேருமே அந்த வீட்டு ஆளுங்கள கேக்கவே இல்ல.

நாங்க மூணு டீச்சருங்க சேந்து கேக்கறதுன்னு முடிவு பண்ணோம். தலைமையாசிரியரும் சரின்னாரு. வகுப்பு வாரியா பேர பிரிச்சுக்கிட்டு, ஃபோன் எடுக்கறவங்கள ஃபோன்ல, எடுக்காதவங்கள வாசல்ல, வேன் அங்கிள் மூலமா சிலர. அப்ப வந்த பதிலுங்க கூட்டத்துல ஒருநாளும் கேட்டதில்ல.

நாலாம் வகுப்புப் பையன் ஒருத்தனோட பாட்டி, பேரன கூட்டிட்டுப் போக வந்தவங்க, குடைய மடக்கிட்டு நின்னு சொன்னாங்க: "டீச்சரம்மா, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சவ. வாய்ப்பாடு, பின்னம், எல்லாம் தமிழ்ல இருந்தா நான் பாத்துருவேன். இங்கிலீசுல மாத்திட்டா அவனுக்கு வீட்டுல யாருமே கிடையாதும்மா." அவங்க பாரத்த திருப்பி அனுப்பாததுக்குக் காரணம், கையெழுத்துப் போட தனக்கு உரிமை இருக்கான்னு தெரியல, மகன் வந்து போடட்டும்னு சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்க. மகன் வந்து பல மாசம் ஆச்சு. புள்ளைய பாத்துக்கற பாதுகாவலர் அவங்கதான், தாராளமா கையெழுத்து போடலாம்னு நாம ஒருத்தரும் அவங்ககிட்ட சொன்னதில்ல.

அன்னிக்கு சாயங்காலமே ஒரு ஃபேக்டரி கேட்ல செக்யூரிட்டியா இருக்கற அப்பா ஃபோன்ல: "டீச்சர், எனக்கு இங்கிலீஷ் வேணும். உள்ள வர்ற காருக்கெல்லாம் நான்தான் பாஸ் எழுதறேன், அவன் என்ன கேக்கறான்னு எனக்கு பாதி புரியாது. என் மக அந்தக் கேட்டுக்கு உள்ள வேலை செய்யணும்." இவரு ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல, ரெண்டு ஷிஃப்ட் தொடந்து செய்றாரு. ஆனா மகளோட கணிதப் புத்தகத்துல எத்தனாவது பக்கம் போயிட்டிருக்குன்னு கரெக்டா சொன்னாரு.

இந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எதிரான பதில்தான் சொன்னாங்க. ஆனா ரெண்டு பேருமே நல்லா யோசிச்சு வெச்சிருக்காங்க, யாரும் கேக்கல, அவ்வளவுதான். வேலை செய்ற ஏழைப் பெத்தவங்க இததான் விரும்பறாங்கன்னு நாமளா ஒரு முடிவு கட்டி அவங்களுக்காகப் பேசறதும் அவங்கள ஒதுக்கற மாதிரிதான்னு எனக்குத் தோணுது. கடைசில எல்லா பதிலையும் வெச்சுப் பாத்தா பெரும்பான்மை தெளிவா ஒரு பக்கம் இல்ல, அதனால அந்த வருஷம் விண்ணப்பம் போடல. சிலருக்கு அதுல வருத்தம், இன்னமும் இருக்கு. ஆனா எங்க முடிவு எதுக்கு அப்படி வந்துச்சுன்னு எல்லாருக்கும் சொல்ல முடிஞ்சது.

அதுக்கப்புறம் செயற்குழுவ அமைக்கறதுலயும் கொஞ்சம் மாத்தம் கொண்டு வந்தோம். விதிமுறைப்படி தேர்தல் தேர்தல்தான், அதுல கை வைக்க முடியாது. ஆனா வேட்பாளர யாரு போய் கேக்கறாங்கன்றது நம்ம கையில இருக்குல்ல. முன்னெல்லாம் வந்திருக்கறவங்கள்லயே ஒருத்தர ஒருத்தர் முன்மொழிவாங்க. இப்ப கூட்டத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே ஷிஃப்ட் வேலை பாக்கற ஒருத்தர், தனியா புள்ள வளர்க்கற அம்மா ஒருத்தர், பாட்டி தாத்தா வளர்க்கற வீட்டுல இருந்து ஒருத்தர், சிறப்புக் கல்வி வகுப்புல இருந்து ஒருத்தர்னு நேர்ல போய், "நீங்க நிக்கறீங்களா"ன்னு கேக்கறோம். முதல்ல எல்லாரும் சொல்றது ஒண்ணேதான், "எனக்கு பேசத் தெரியாது டீச்சர்." ஒரு அக்காகிட்ட நான் சொன்னேன், அக்கா நீங்க வேன் லேட்டா வருதுன்னு என்கிட்ட எப்படி சண்ட போட்டீங்களோ அப்படியே அங்க பேசுங்க போதும்னு. இப்ப அவங்க செயற்குழுவுல மூணாவது தவணை.

சிறப்புக் கல்வி வகுப்பு அம்மாங்க விஷயம் தனியா சொல்லணும். 2019-ல இருந்து எந்தப் புள்ளையையும் பள்ளி மறுக்கக்கூடாதுன்னு கொள்கை வந்துச்சு, நல்ல விஷயம், புள்ளைங்க வந்தாங்க. ஆனா அந்த அம்மாங்க கூட்டத்துக்கு வரணும்னா புள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வர்றது? கூட்டிட்டு வந்தா மைக் சத்தத்துல புள்ள மிரண்டு போயிடும், அம்மா பாதியிலயே எந்திரிச்சுப் போயிடுவாங்க, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, அடுத்த வருஷம் வர மாட்டாங்க. கூட்டம் நடக்கற நேரத்துல நூலகத்துல ரெண்டு டீச்சர், ஒரு உதவியாளர் உக்காந்து புள்ளைங்கள பாத்துக்கறாங்க. அவ்வளவுதான் செஞ்சோம். அதுக்கப்புறம்தான் கழிப்பறை படிக்கட்டுல கைப்பிடி வேணும்னு மினிட்ல முதல்தடவையா ஒரு தீர்மானம் ஏறுச்சு, தேவை பல வருஷமா இருந்துச்சு.

2020 மார்ச்ல பள்ளி மூடினப்ப கூகுள் மீட்ல கூட்டம் போட்டோம், வீட்டுக்கு ஒரே ஃபோன் இருக்கற குடும்பங்களுக்கு அது கஷ்டம்தான், ஆனா அப்பத்தான் லாரி சீட்ல உக்காந்துக்கிட்டு ஒரு அப்பா, ஃபேக்டரி சாப்பாட்டுக் கூடத்துல இருந்து ஒரு அம்மான்னு முகத்தயே பாக்காதவங்கள பாத்தோம். அதனால இப்பவும் நேர்க்கூட்டத்தோட ஆன்லைன் விடறதில்ல. அறிவிப்ப தமிழ்லயும் மலாய்லயும் அனுப்பறோம், படிக்கறது சிரமம்னு சொன்னவங்களுக்காக அதையே வாய்ஸ்ல பேசி வாட்ஸ்அப்ல போடறோம். ஒரு சீன அம்மா, தமிழ் அறிவிப்பு வந்தப்பெல்லாம் கட்டைவிரல் மட்டும் காமிச்சுட்டு இருந்தவங்க, மலாய்ல வர ஆரம்பிச்சதும் கேண்டீன் சாப்பாட்ட பத்தி ஒரு முழுப் பக்கம் கேள்வி அனுப்பினாங்க. எல்லாமே சரியான கேள்வி.

மேல போகப் போகத்தான் கஷ்டம். பி.பி.டி-ல பி.ஐ.பி.ஜி தலைவர்களுக்கு விளக்கக்கூட்டம் வேலை நாள்ல காலை பத்து மணிக்கு வைக்கறாங்க. ஷிஃப்ட்ல இருக்கற ஒருத்தர் தலைவரா வந்தாலும் அங்க எப்படிப் போவாரு, ஒருநாள் சம்பளம் போயிடும், வருகைப்படியும் போயிடும். நான் போன கூட்டங்கள்ல பாத்த தலைவருங்க அனேகமா ஓய்வு பெத்தவங்க, இல்லன்னா சொந்தத் தொழில் பண்றவங்க. 1816-ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு தொடங்கின மண்ணு இது, 2016-ல இருநூறு வருஷம்னு விழா எடுத்தோம், மேடைக்கு மேடை தமிழ்ப்பள்ளிய காப்பாத்தறது பெத்தவங்கதான்னு பேசினாங்க. உண்மைதான். அந்தப் பெத்தவங்கள்ல பெரும்பாலானவங்க மாவட்ட அலுவலகத்து மாடிப்படி ஏறினதே இல்லன்றதும் உண்மை.

பி.பி.டி-க்கு எங்ககிட்ட இருந்து போறது மினிட் ஒண்ணுதான், அத வெச்சுத்தான் அங்க எங்க பள்ளி பெத்தவங்கள தெரிஞ்சுக்கறாங்க. அதனால மினிட்டோட இப்ப ஒரு இணைப்பும் சேத்து அனுப்பறேன்: கூட்டத்துக்கு வராதவங்கள்ல எத்தன பேரக் கேட்டோம், என்ன சொன்னாங்க, எதுல கருத்து பிரிஞ்சு நிக்குது. அது அவங்க கேக்காத காகிதம்தான், ஆனா போன வருஷம் அங்க இருந்து ஒரு ஆபிசர் ஃபோன் பண்ணி, இந்த இணைப்பு எப்படித் தயார் பண்றீங்க, மத்த பள்ளிக்கும் காட்டலாமான்னு கேட்டாரு. காட்டுங்க சார், அப்படியே விளக்கக்கூட்டத்த ஒருதடவை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆன்லைன்ல வெச்சுப் பாருங்கன்னேன். கேட்டுச் சொல்றேன்னாரு. இன்னும் பதில் வரல, அடுத்த வாரம் நேர்ல போய் கேக்கலாம்னு இருக்கேன், எங்க செயற்குழுவுல இருக்கற ஷிஃப்ட் அக்காவுக்கு அன்னிக்கு ஆஃப் டே, அவங்களும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.