சிறந்தது வேறு, பிடித்தது வேறு

ஜூன் 3, செவ்வாய்

அக்காவின் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, கல்கி எழுதியதிலேயே மிகச் சிறந்த நாவல் எது?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சிவகாமியின் சபதம்" என்றேன். ஏன் என்றாள். அதற்கும் பதில் என்னிடம் எப்போதும் தயாராகவே இருக்கும். பதினான்கு வயதில் அதை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். நான்கு பாகங்களும் தனித்தனிப் புத்தகங்கள். முதல் மூன்றை ஒன்பது நாட்களில் முடித்துவிட்டேன். நான்காவதை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள், திரும்பி வரவில்லை. ஆடல்மகள் சிவகாமி பகைவரின் தலைநகரான வாதாபியில் சிறைப்பட்டுக் கிடக்கிறாள், எனக்கு அடுத்த பக்கம் இல்லை. வாரம் தவறாமல் போய்க் கேட்பேன். நூலகர் என்னைக் கண்டதுமே தலையை இடவலமாக அசைப்பார். நான்கு மாதங்கள் அப்படிப் போயின. புத்தகம் வந்த அன்று அலமாரிக்கு அருகில் நின்றபடியே முதல் அத்தியாயத்தைப் படித்தேன்.

இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "மாமா, நான் நாவலைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்கிறீர்கள்."

குறை சொல்லும் குரல் அல்ல. ஆனாலும் படுக்கப் போகும் இந்நேரம் வரை அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

ஜூன் 4, புதன்

ஒரு விதி வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். சிவகாமியின் சபதம் கல்கியின் மிகச் சிறந்த நாவல் என்று ஒரு பக்கம் வாதாட வேண்டும். 'நான்', 'எனக்கு', 'என்' ஆகிய சொற்கள் வரக்கூடாது. நூலகம் வரக்கூடாது. பதினான்கு வயது வரக்கூடாது.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது முறை நின்றது முக்கால் பக்கம்தான். அதிலும் பாதி முடிவைப் பற்றியது. காதல் கைகூடாத ஒரு பெண், அந்த இடத்தில் கலையை வைத்து, கலையையும் இறைவன் காலடியில் வைத்துவிடுகிறாள். அப்பர் பாடிய ஒரு பாட்டுக்கு அவள் ஆடுவதோடு நாவல் முடிகிறது. காஞ்சியை ஆள்பவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், ஒன்றும் செய்ய இயலாதவனாக. இந்த முடிவைத் தமிழில் யார் முன்னாலும் எடுத்து வைத்து வாதாடலாம்.

ஆனால் நேர்மையாக எழுதினால் மறுபக்கமும் வந்துவிடுகிறது. உருவ ஒற்றுமை ஒன்றை வைத்துக்கொண்டு கதையின் பெரிய முடிச்சுகளைப் போடுகிறார், அதே ஒற்றுமையை வைத்து அவிழ்க்கவும் செய்கிறார். மறைந்து நின்று ஒட்டுக்கேட்பவர்கள் தேவையான நேரத்தில் தேவையான இடத்தில் இருக்கிறார்கள். நடுவே சில அத்தியாயங்கள் ஒரே இடத்தில் சுற்றி வருகின்றன. இவை எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஒருநாளும் இவற்றை எண்ணிக்கையில் சேர்த்ததில்லை. பிடித்தவரின் முகத்தில் தழும்பு இருப்பது நமக்குத் தெரியும், பார்க்கும்போது அது கண்ணில் படுவதில்லை. அப்படித்தான் இதுவும்.

ஜூன் 6, வெள்ளி

அதே விதியோடு பொன்னியின் செல்வனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பேனா நிற்கவே இல்லை.

1950-இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர். ஐந்து பாகங்கள். வாரம் ஒரு பகுதி என்று மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் எழுதிய ஒருவர், கதைக்குள் ஓடும் காலத்தைச் சில மாதங்களுக்குள் அடக்கி வைத்திருக்கிறார். சிவகாமியின் சபதத்தில் ஆண்டுகள் உருளுகின்றன, இங்கே நாட்களும் இரவுகளும் மட்டும். அந்த நெருக்கம்தான் கதையை இழுத்துக் கட்டி வைக்கிறது. அத்தனை பெரிய கூட்டத்தில் வந்தியத்தேவன் ஊசியில் கோத்த நூல் போல நுழைந்து நுழைந்து வெளியே வருகிறான். அவன் வீரனாக இருப்பதைவிட, அவசரக்காரனாகவும் வாய் நீண்டவனாகவும் இருப்பதுதான் கதைக்கு உதவுகிறது. அவன் செய்யும் தவறு ஒவ்வொன்றும் ஒரு புதிய கதவைத் திறக்கிறது. நந்தினியை வெறுக்க முடியாதபடி எழுதியிருக்கிறார். பழுவேட்டரையரை வெறுக்கத் தொடங்கி, கடைசியில் அவருக்காக இரங்க வைக்கிறார்.

எல்லாவற்றையும்விட ஒன்று. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை. வரலாறு முழுமையாக அவிழ்க்காத முடிச்சு அது. நாவலாசிரியர் நினைத்தால் ஒருவன் கையில் கத்தியைக் கொடுத்து முடித்திருக்கலாம். அவர் அந்த இருட்டை இருட்டாகவே விட்டார். அத்தனை ஆயிரம் வாசகர்கள் வாரந்தோறும் பதிலுக்காகக் காத்திருந்தபோது அப்படி விடுவதற்குத் துணிவு வேண்டும். தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேள்விகளோடு வந்தார்கள், அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதி விளக்கம் சொன்னார். கொலை முடிச்சை அப்போதும் அவிழ்க்கவில்லை.

இரண்டரைப் பக்கம் எழுதிய பிறகுதான் கவனித்தேன். 'நான்' ஒரு இடத்திலும் வரவில்லை, தேவையும் படவில்லை. மிகச் சிறந்தது என்று ஒன்றைச் சொல்ல எனக்குக் கிடைத்திருக்கும் அளவுகோல் இதுதான். என்னை வாதத்திலிருந்து எடுத்துவிட்டாலும் வாதம் நிற்கவேண்டும். இன்னொருவர் அதே பக்கங்களைத் திறந்து, நான் சொன்னது அங்கே இருக்கிறதா என்று சரிபார்க்க முடியவேண்டும்.

ஆக, இருபத்தைந்து ஆண்டுகளாகத் தவறான பதிலைச் சொல்லி வந்திருக்கிறேன். எழுதும்போது வலிக்கத்தான் செய்கிறது.

ஜூன் 7, சனி

கல்கியைக் கேட்டால்? அவர் இரண்டையும் சொல்லமாட்டார். தாம் எழுதியவற்றில் காலம் கடந்து நிற்கத் தகுதியுள்ளது என்று அவர் கருதியது அலை ஓசையை. 1948, 49-இல் எழுதியது. அரசர்கள் இல்லை, வாள் இல்லை. தம் கண்ணெதிரே நடந்த விடுதலைப் போராட்டத்தையும் பிரிவினையையும் ஒரு குடும்பத்தின் வழியாகச் சொல்லியிருக்கிறார். 1954-இல் அவர் இறந்தார். 1956-இல் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குத்தான் கிடைத்தது. ஆனால் இன்று கல்கி என்றதும் அதன் பெயரை முதலில் சொல்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எழுதியவரே சொல்லிவிட்டால் விவாதம் முடிந்ததா? இல்லை என்றே நினைக்கிறேன். எழுதியவருக்கும் பிடித்தது என்று ஒன்று உண்டு. எதில் அதிகம் பாடுபட்டாரோ, எதில் தம் காலத்துக்குக் கடன் அடைத்ததாக நினைத்தாரோ, அது அவருக்குக் கனமாகத் தெரியும். அவருடைய அந்த நான்கு மாதக் காத்திருப்பு எது என்று நமக்கு எப்படித் தெரியும்?

டால்ஸ்டாய் இன்னும் ஒரு படி மேலே போனார். கலை என்றால் என்ன என்று 1897-இல் ஒரு நீண்ட நூல் எழுதினார். அதில் ஒரு கோட்பாட்டை வகுத்து, அதை இரக்கமில்லாமல் தம் எழுத்தின் மேலேயே பாய்ச்சினார். உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் அவருடைய பெரிய நாவல்கள் கெட்ட கலையின் பக்கம் போயின. இரண்டு சிறுகதைகள் மட்டும் தப்பின. அந்தத் துணிவை மதிக்கிறேன். தீர்ப்பை ஏற்கவில்லை. அந்தக் கதைகள் எளியவை, நல்லவை, ஆனால் அன்னா கரேனினாவில் ரயில் நிலையத்துக்குப் போகும் அந்தக் கடைசிப் பயணத்தை எழுதிய கை அவற்றில் முழுவதுமாகத் திறக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று முழுவதும் ஓவியர் வான் கோவின் நினைவு.

1885-இல் உருளைக்கிழங்கு உண்ணும் குடியானவர்களை வரைந்தார். அதற்கு முன் குளிர்காலம் முழுவதும் குடியானவர்களின் முகங்களை மட்டும் நாற்பது முறைபோல வரைந்து பழகினார். ஒரே விளக்கு, ஐந்து பேர், மண் நிறம். தோல் உரிக்காத, புழுதி படிந்த உருளைக்கிழங்கின் நிறம் அந்த முகங்களுக்கு வேண்டும் என்று விரும்பினார். மண்ணைத் தோண்டிய கைகளே தட்டை நோக்கி நீளுகின்றன என்பதைக் காட்டவேண்டும் என்றார். ஓவியரான நண்பர் ஒருவர் அதன் அச்சுப் படியைப் பார்த்துக் கடுமையாகக் குறை சொன்னார். உடல்கள் சரியில்லை, கைகள் சரியில்லை. அந்த நட்பு அதற்குப் பிறகு நிலைக்கவில்லை.

1887-இல் தங்கைக்கு எழுதிய கடிதத்தில், இதுவரை செய்ததில் அதுவே சிறந்தது என்றார். அப்போது குவளையில் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற சூரியகாந்திகள் வரவில்லை. விண்மீன்கள் சுழலும் இரவு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆகவே அந்தச் சொல்லை அன்றைய கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை எல்லாம் வந்த பிறகு, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1890-இல், அந்தக் குடியானவர் படத்தை மீண்டும் வரைய எண்ணிப் பழைய வரைபடங்களை அனுப்பச் சொல்லித் தம்பிக்கு எழுதினார். இது கணக்கில் அடங்கவில்லை. விண்மீன்களை வரைந்து முடித்த கை அந்த ஒற்றை விளக்குக்குத் திரும்பிப் போக விரும்பியிருக்கிறது.

நண்பர் சொன்ன குறைகள் உண்மையே. இன்றும் படத்தில் இருக்கின்றன. அந்த உண்மை வான் கோவின் பற்றைத் தொடவே இல்லை. ஒன்றை மற்றொன்று வெல்லவேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

ஜூன் 10, செவ்வாய்

திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயிடம் அவர் படங்களில் சிறந்தது எது என்று கேட்டபோது 1964-இல் எடுத்த சாருலதாவைச் சொன்னார். அதில்தான் குறைகள் மிகக் குறைவு, மறுபடி எடுக்கச் சொன்னாலும் அப்படியேதான் எடுப்பேன் என்றார். கலைஞர் ஒருவர் தம் வேலையைப் பற்றிச் சொன்னதில் இவ்வளவு தெளிவானதை நான் கேட்டதில்லை. சாருலதா எனக்கும் பெரிய படம். ஆனால் குறையின்மையைச் சிறப்பாகக் கொள்ள மனம் ஒப்பவில்லை. 1955-இல் வந்த அவருடைய முதல் படமான பதேர் பாஞ்சாலியில், பழகாத கைகள் தடுமாறித் தடுமாறிப் போய், நாணல் காட்டைத் தாண்டி ரயிலைக் காட்டும் இடம் இருக்கிறதே, அதற்கு முன் அந்தக் கணக்கு எனக்கு ஒன்றுமில்லாமல் போகிறது.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன். 'எனக்கு' இரண்டு இடத்தில் வந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

நான்காம் பாகத்தை மீண்டும் படித்து முடித்தேன். பல ஆண்டுகளாக அதைத் தொடவில்லை.

நான் பலரிடம் சொல்லியிருக்கும் ஒரு காட்சி உண்டு. வாதாபியிலிருந்து மீண்டு வந்த சிவகாமி, ஆயனரின் சிற்பக்கூடத்தில் ஒரு விடியற்காலை எழுந்து, தந்தையின் உளியை எடுத்து, கல் தரையில் தன் பாதத்தை வைத்து, அதன் ஓரத்தைச் சுற்றிக் கீறுகிறாள். ஆடுவதில்லை. பேசுவதில்லை. ஆயனர் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார், பார்க்காதவர் போல இருக்கிறார். கல்கி எழுதியதிலேயே உயர்ந்த இடம் இதுதான் என்று ஒரு கூட்டத்தில்கூடச் சொன்னேன்.

அந்தக் காட்சி புத்தகத்தில் இல்லை.

முதலில் தவறவிட்டேன் என்று நினைத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். மூன்றாம் பாகத்தையும் எடுத்துப் பார்த்தேன். வேறு பதிப்பில் இருக்குமோ என்று இன்னொரு பிரதியை வாங்கி வந்து அத்தியாயம் அத்தியாயமாகத் தேடினேன். இல்லை. எங்கும் இல்லை. மாலையில்தான் விளங்கியது. புத்தகம் வராத அந்த நான்கு மாதங்களில், நூலகத்திலிருந்து வெறுங்கையோடு நடந்து வந்த வழிகளில், அந்தக் காட்சியை நான் உண்டாக்கியிருக்கிறேன். பிறகு நான்காம் பாகம் வந்ததும் அதை அதற்குள் வைத்துவிட்டேன். இத்தனை காலம் அது அங்கேயே இருந்திருக்கிறது.

முதலில் ஏமாற்றமாக இருந்தது. சிறிது நேரத்தில் அது மாறி, சொல்ல முடியாத ஒரு நன்றி வந்தது. மூன்று பாகங்களைப் படித்த ஒரு சிறுவன், உளியைப் பிடித்தறியாதவன், அந்தக் கல் தரையையும் அந்த விடியலையும் காணும்படி ஒருவர் எழுதியிருக்கிறார். பொன்னியின் செல்வன் என்னிடம் அப்படி எதையும் கேட்கவில்லை. அதில் எல்லாம் நிறைந்திருந்தது, ஐந்து பாகங்களும் கையில் இருந்தன, நான் உண்டு மகிழ்ந்தேன். சிவகாமியின் சபதத்தில்தான் ஒரு வெற்றிடம் கிடைத்தது. யாரோ திருப்பித் தராத ஒரு புத்தகத்தின் அளவுக்கு வெற்றிடம்.

ஜூன் 14, சனி

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். தலைகீழான தவறையும் நான் செய்திருக்கிறேன். பெரியவர்கள் சிறந்தது என்று சொன்னவற்றை, பிடித்தது என்று சொல்லி நடந்த காலம் உண்டு. அவற்றின் சிறப்பு பொய்யல்ல, என்னால் விளக்கவும் முடியும். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட இரண்டாம் முறை நானாகத் தேடிப் போனதில்லை. மதிப்பை அன்பு என்று சொன்னேன், அன்பை மதிப்பு என்று சொன்னேன். முதலாவதுதான் பெரிய பொய் என்று இப்போது தோன்றுகிறது. அதில் அந்தப் படைப்புக்கு ஒரு பயனும் இல்லை.

ஜூன் 18, புதன்

அக்காவின் மகள் கூப்பிட்டாள். என் திருத்தப்பட்ட பதிலைச் சொல்லக் காத்திருந்தேன். சிறந்தது பொன்னியின் செல்வன், பிடித்தது சிவகாமியின் சபதம், இரண்டையும் இனி கலக்கமாட்டேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் தரவில்லை.

"மாமா, பார்த்திபன் கனவு படித்துக்கொண்டிருக்கிறேன். இதைவிட நன்றாக அவரால் எழுதியிருக்கவே முடியாது."

அது அவருடைய முதல் வரலாற்று நாவல், பின்னால் வந்தவற்றுக்கு முன் சிறியது, மெல்லியது, இதற்கெல்லாம் என்னிடம் சான்று இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. "எங்கே இருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"பாதியில். அந்தச் சிவனடியார் வருகிறாரே, அவர் மேல் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. வெறும் சிவனடியார் இல்லை அவர். யார் என்று சொல்லிவிடாதீர்கள்!"

சொல்லவில்லை. அவள் தன் சந்தேகங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். இரண்டு தவறு, ஒன்று கிட்டத்தட்டச் சரி. காதில் வைத்த தொலைபேசி சுடும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.