போட்டு (படகு) வயரிங்குக்கு கிரிம்பிங் டூலும் லக்கும் வாங்கப் போய் பட்ட பாடு

மாமாவோட விசைப்படகுல இந்த மீன்பிடித் தடைக்காலத்துலதான் மொத்த வயரிங்கையும் பிரிச்சுட்டு புதுசா போட்டோம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், சென்னை காசிமேட்டுல விசைப்படகு எல்லாம் கட்டிக் கெடக்கும், எந்த வேலையா இருந்தாலும் அதுக்குள்ள பாத்துக்கணும், கடலுக்குப் போக ஆரம்பிச்சுட்டா அப்புறம் போட்டு கைல கெடைக்காது. வயர் இழுக்கறது, சுவிட்ச் பேனல் மாட்றது, ஃப்யூஸ் போடறது எல்லாம் சட்டுபுட்டுனு முடிஞ்சுது. உயிரை வாங்குனது வயர் முனைல அடிக்கற லக்கும் (போல்ட்டுல மாட்ட வளையம் வச்ச சின்ன உலோகக் குழாய்) அதை அமுக்கற கிரிம்பிங் டூலும்தான். அதனால அதை மட்டும் விவரமா எழுதறேன், அடுத்த தடைக்காலத்துக்கு வேலை வச்சிருக்கறவங்களுக்கு உதவும்.

வேலையே படகோட அடில தேங்கற தண்ணிய வெளிய தள்ளற பில்ஜ் பம்புல இருந்துதான் ஆரம்பிச்சுது. பேட்டரில மீட்டர் வச்சா 12.6 வோல்ட் இருக்கு, பம்பு ஓடும்போது பம்பு முனைல வச்சா 10 கூட வரல. லக்கைப் புடிச்சு லேசா இழுத்தேன், கையோட வந்துடுச்சு. உள்ள பச்சைப் பசேல்னு களிம்பு, வயர் இழை எல்லாம் பொடிப் பொடியா உதிருது. சரி, முனைய வெட்டிட்டு நல்ல இடத்துல புது லக் போடலாம்னு தோலை உரிச்சா ஒரு சாண் தூரத்துக்கு உள்ளயும் காப்பர் கரேல்னு இருக்கு. உப்புத் தண்ணி இழைக்கு நடுவுல இருக்கற சந்துல ஏறி ஏறி உள்ள போயிருக்கு. போன தடவை வயரிங் பண்ண ஆளு சும்மா பிளேயரால நசுக்கி, மேல கருப்பு டேப் சுத்தி விட்டுட்டுப் போயிருக்கார், சில எடத்துல லக்கே இல்ல, முறுக்கி டேப்தான். பல வருஷமா இந்த லட்சணத்துலதான் நம்ம ஆளுங்க ராத்திரில நடுக்கடல்ல இருந்திருக்காங்க, அதை நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

ஹார்பர்ல ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன், நல்ல மனுஷன்தான், "லக்கெல்லாம் வேணாம் தம்பி, சால்டர் வச்சு விட்டுரு, ஜென்மத்துக்கும் வராது"ன்னார். மாமாவும் அதையே புடிச்சுக்கிட்டார். ஆனா அது சரி கெடையாது. சால்டர்னா உருக்கி ஒட்டற ஈயம், அது உருகி இழைக்குள்ள மேல ஏறும், ஏறுன தூரம் வரைக்கும் வயர் கம்பி மாதிரி வெறச்சுடும், அந்த வெறப்பு முடியற எடத்துல டீசல் எஞ்சின் அதிர்வுல ஆடி ஆடி ஒருநாள் அங்கயே ஒடியும். வெளிய பாத்தா நல்லாதான் இருக்கும், உள்ள அறுந்திருக்கும். அமெரிக்கால படகு கட்டறவங்களுக்கு ஏபிஒய்சி-ன்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்களோட இ-11 ஸ்டாண்டர்ட்லயே சால்டர் மட்டும் ஒரு ஜாயின்ட்டோட பிடிமானமா இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க. ஒழுங்கா அமுக்குன லக்குல இழையும் குழாயும் ஒண்ணோட ஒண்ணு இறுகி ஒரே உலோகக் கட்டி மாதிரி ஆயிடும், காத்தோ தண்ணியோ போக எடமே இருக்காது. அந்த அழுத்தம் கெடைக்கணும்னா லக்குக்கு ஏத்த டூல் வேணும். பிரச்சனையே அங்கதான்.

முதல்ல ரிச்சி ஸ்ட்ரீட். கிரிம்பிங் டூல்னு வாயத் தொறந்தாலே நெட்வொர்க் கேபிள் ஆர்ஜே45 அடிக்கறதைத்தான் எடுத்து நீட்டறாங்க. நான் சாம்பிளுக்கு லக்கும் ஒரு துண்டு வயரும் கைலயே கொண்டு போயிருந்தேன், அதைக் காட்டி, இன்சுலேஷன் உள்ள ரிங் லக் அடிக்கற ராட்செட் டூல், செவப்பு, நீலம், மஞ்ச மூணு குழியும் இருக்கணும்னு தெளிவா சொன்னேன். ஒரு கடைல சீல் போட்ட பாக்கெட்ட எடுத்து வச்சு "இதேதான் சார், எல்லாத்துக்கும் வரும்"னாங்க, கடைல பிரிச்சுக் காட்ட மாட்டேன்னுட்டாங்க. வெளிய வந்து பிரிச்சா அது ஃபெரூல் அடிக்கற டூல், பேனல் போர்டுல வயர் முனைக்கு மெல்லிசா ஒரு குழாய் போடுவாங்களே அதுக்கானது. அதோட வாய் ரிங் லக்குக்கு ஒத்தே வராது. திரும்பப் போனா "பாக்கெட் பிரிச்சுட்டீங்க, எடுக்க முடியாது". பில்லுல வெறும் 'டூல்'னு எழுதியிருக்காங்க, எதைக் காட்டி பேசறது. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், மாத்தித் தரவே இல்ல. காசு போனதை விட, சாம்பிளைக் கைல வச்சுப் பாத்துட்டே தப்பானதைக் குடுத்தாங்களேன்னுதான் கோவம்.

அதனால சொல்றேன், டூலை வாங்கறதுக்கு முன்னாடி கடைலயே உங்க வயர்ல உங்க லக்கை ஒண்ணு அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்கு நடந்துடுங்க, பில்லுல மாடல் நம்பரோட எழுதி வாங்குங்க. கடைசியா பாரிமுனைல லிங்கிச்செட்டித் தெரு பக்கம் ஒரு பழைய ஹார்டுவேர் கடைல சரியானது கெடச்சுது. அங்க இருந்த பெரியவர் அவராவே நாலு டூலை எடுத்துப் போட்டு "நீயே அடிச்சுப் பாரு தம்பி"ன்னார், மனசு குளிர்ந்துடுச்சு. ஜெயின்சன், டோவெல்ஸ் மாதிரி நம்ம ஊரு கம்பெனி டூல்களும் இருக்கு, வெளிநாட்டு டூல்தான் வேணும்னு இல்ல.

ராட்செட் ஏன்னா, முழுசா அமுக்கி முடிக்கற வரைக்கும் வாய் தொறக்காது, அதனால கை வலிச்சாலும் பாதில விட முடியாது, முதல் லக்கும் கடைசி லக்கும் ஒரே அழுத்தம்தான். வண்டி ஸ்பேர் கடைல லக் டப்பாவோட சேத்துக் குடுக்கற தகர பிளேயர் இருக்கே, அதுல அழுத்தம் உங்க கை பலத்தைப் பொறுத்தது, சாயங்காலம் ஆனா எல்லாமே லூசு. ராட்செட் டூலோட குழியை உத்துப் பாத்தீங்கன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் இறுக்கமா இருக்கும், அது காப்பரைப் புடிக்கறதுக்கு, இன்னொரு பக்கம் கொஞ்சம் அகலமா இருக்கும், அது வயர் தோலைப் புடிக்கறதுக்கு. அகலமான பக்கம் வயர் வர்ற பக்கம் இருக்கணும். திருப்பி வச்சு அடிச்சா காப்பர் லூசாவும் தோல் நசுங்கியும் போயிடும், வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது.

கலர் கணக்கு சுலபம்தான், செவப்பு 0.5-ல இருந்து 1.5 ஸ்கொயர் எம்எம், நீலம் 1.5-ல இருந்து 2.5, மஞ்ச 4-ல இருந்து 6. இழை உள்ள போகலைன்னா நாலு இழைய வெட்டிட்டு நுழைக்கறது, லூசா இருந்தா வயரை மடிச்சு நுழைக்கறது, இந்த ரெண்டு பழக்கமும் வேணவே வேணாம்.

அடுத்த தலைவலி லக்கும் வயரும் என்ன உலோகம்ங்கறது. வெள்ளையா பளபளன்னு இருந்தா எல்லாம் டின் பூசுன காப்பர்னு சொல்லிடறாங்க. நான் ஒரு சின்ன காந்தத்தை பாக்கெட்லயே வச்சிட்டுப் போனேன், ஒரு கடைல 'மரைன்'னு ஸ்டிக்கர் ஒட்டுன டப்பால இருந்த லக் டக்குனு காந்தத்துல ஒட்டிக்கிச்சு. உள்ள இரும்பு. காட்டுனா கடைக்காரர் மொகத்தையே திருப்பிக்கிட்டார். காந்தத்துல ஒட்டலைன்னாலும் ஓரத்துல அரத்தால லேசா ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க, செவப்பா தெரியணும். வயருக்கும் இதே மாதிரிதான், ஒரு இழைய பிளேடால சுரண்டுனா போதும். வெளிய வெள்ளை உள்ள செவப்புன்னா டின் பூசுன காப்பர், அதுதான் நமக்கு வேணும். வெளிய செவப்பு உள்ள வெள்ளைன்னா அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசுனது, அதை போட்டு பக்கமே கொண்டு போகாதீங்க, உப்புல சீக்கிரமே போயிடும்.

டின் பூசுன வயர் தேடி அலையறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன், சோலார் பேனலுக்கு விக்கற டிசி கேபிள் டின் பூசுன காப்பர்தான், இழையும் மெல்லிசு, நல்லா வளையும், வெயிலும் தாங்கும், 4, 6 ஸ்கொயர்ல சோலார் கடைங்கள்ல சாதாரணமா கெடைக்குது. தோல் மட்டும் ரெண்டு அடுக்கு, தடிமனா இருக்கும், மஞ்ச லக்கோட வாய்க்குள்ள போகுதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே நுழைச்சுப் பாத்துடுங்க.

எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம் குடுத்தது இழுத்துப் பாக்கற டெஸ்ட்தான். ஏபிஒய்சில வயர் சைஸுக்கு எவ்வளவு இழுவை ஒரு நிமிஷம் தாங்கணும்னு கணக்கு இருக்கு, 16 கேஜுக்கு (அமெரிக்க வயர் அளவு) 15 பவுண்டு, 14-க்கு 30, 12-க்கு 35, 10-க்கு 40. நம்ம சைஸுல தோராயமா வச்சா 1.5 ஸ்கொயருக்கு 7 கிலோ, 2.5-க்கு பதிமூணரை கிலோ, 4-க்கு 16 கிலோ, 6-க்கு 18. ஹார்பர்ல மீன் எடை போடற ஸ்பிரிங் தராசுக்கா பஞ்சம், ஒண்ணை வாங்கி லக்கை ஆணில மாட்டி வயரைத் தராசுல கட்டி இழுத்தோம். தகர பிளேயரால நசுக்குனது முள்ளு 3 கிலோவைத் தொடும்போதே உருவிக்கிட்டு வந்துடுச்சு, ராட்செட்ல அடிச்சது அதே 2.5 ஸ்கொயர் வயர் பதிமூணரை கிலோல ஒரு நிமிஷம் அசையாம நின்னுது, அதுக்கு மேலயும் இழுத்துப் பாத்தோம், நின்னுது. "இன்னாடா ஒரு லக்குக்கு இம்மாம் அலப்பறை"ன்னு கேட்டுட்டு இருந்த மாமா அதுக்கப்புறம் அவரே தராசைக் கைல எடுத்துக்கிட்டார். சால்டர் வைக்கச் சொன்ன அண்ணனும் வந்து பாத்துட்டு, டூலு எந்தக் கடைன்னு கேட்டுட்டுப் போனார்.

ஸ்லீவ் விஷயத்துலயும் உஷார். சூடு காட்டுனா சுருங்கி ஜாயின்ட்டை மூடற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்னு கேட்டா சாதாரணமானதைத்தான் குடுப்பாங்க, அது தண்ணியத் தடுக்காது. உள்பக்கம் பசை பூசுனது தனியா வருது, கேட்டு வாங்கணும். சூடு காட்டும்போது ரெண்டு முனைலயும் பசை உருகி வளையமா வெளிய பிதுங்கும், அது சுத்திவர தெரிஞ்சாதான் அந்த ஜாயின்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம். லைட்டரால பண்ணாதீங்க, தோல் கருகும், சூடான காத்து அடிக்கற ஹாட் ஏர் கன் வேணும். லக்கோடயே ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒட்டி வர்ற டைப் வாங்குனா அதுக்கு வழவழப்பான குழி உள்ள டை (டூல் வாய்ல மாட்டற அச்சு) போடணும், கூரா குத்தற டைல அடிச்சா ஸ்லீவ் ஓட்டையாயிடும், அப்புறம் பசை இருந்தும் பிரயோஜனம் இல்ல.

பேட்டரி கேபிள், 35 ஸ்கொயர். இதுக்கு கை டூல் எல்லாம் ஆகாது, ஹார்பர்ல வழக்கமா உளிய வச்சு சுத்தியால அடிக்கறாங்க. ஹைட்ராலிக் டூல் வாங்கற அளவுக்கு நமக்கு வேலை இல்ல, அதனால கேபிளை அளந்து வெட்டி, லக்கையும் எடுத்துக்கிட்டு அம்பத்தூர் எஸ்டேட்ல பேனல் போர்டு பண்ற ஒரு பட்டறைக்குப் போனேன். கொஞ்சம் காசு வாங்கிக்கிட்டு அறுகோண டைல அழகா அடிச்சுக் குடுத்தாங்க. ஒரு சாம்பிள் லக்கை அடிக்கச் சொல்லி, ஹேக்ஸாவால குறுக்க அறுத்து அரம் போட்டுப் பாத்தேன், இழைன்னே தெரியல, ஒரே செவப்புக் கட்டி, ஊசி முனை அளவு சந்து கூட இல்ல. ஆனா முன்னாடி ஒரு பட்டறைல டை சைஸ் பாக்காம சின்னதுல அடிச்சு ரெண்டு பக்கமும் காது மாதிரி தகடு பிதுங்கிடுச்சு, லக்கும் வீண், கேபிள் முனையும் வீண், கேட்டா "நல்லா டைட்டாதான இருக்கு"ன்னு பதில். அதனால கேபிளை எப்பவும் அரை அடி கூடவே விட்டு வெட்டுங்க. டைல இருக்கற நம்பர் லக்கோட நம்பருக்கு சரியா வரும்னு நம்பாதீங்க, ஒண்ணை அடிச்சு, அறுத்துப் பாத்துட்டு மத்ததை அடிக்க விடுங்க.

இன்னும் சிலது. யூ மாதிரி தொறந்த லக்கு வேணாம், நட்டு லேசா லூசானாலே நழுவிடும், ரிங் லக்தான். ஒரு போல்ட்டுல நாலு லக்குக்கு மேல அடுக்கக் கூடாது. லக்குக்கும் பஸ்பாருக்கும் (நெறைய வயர் ஒண்ணா சேர்ற உலோகப் பட்டை) நடுவுல ஸ்டெயின்லெஸ் வாஷர் போடாதீங்க, லக் நேரா பஸ்பார் மேல ஒக்காரணும், வாஷர் அதுக்கு மேலதான், ஸ்டெயின்லெஸ்ல கரன்ட் சரியா போகாது, சூடாகும். பில்ஜ் பம்பு வயரோட ஜாயின்ட்டை தண்ணி எட்டாத ஒசரத்துல போடுங்க, கீழ கெடந்தா எந்தப் பசையும் நிரந்தரமா காப்பாத்தாது.

தடைக்காலம் முடிஞ்சு போட்டு போய்ட்டு வந்ததும் முதல் வேலையா மீட்டரை எடுத்துட்டுப் போனேன். பம்பு ஓடும்போது பேட்டரிக்கும் பம்பு முனைக்கும் நடுவுல அரை வோல்ட் கூட கொறையல. ஸ்டார்ட்டர் மோட்டார் கேபிள் மட்டும் இன்னும் பழசு, அதுக்கு 70 ஸ்கொயர் லக் டின் பூசுன காப்பர்ல நம்பிக்கையா எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுத்த தடவை போட்டு கரைல நிக்கும்போது அதையும் மாத்திடணும்.