சமையலறை ஒயரிங்: பாலக்கோட்டுப் புது வீட்டில் இதுவரை நடந்தது

பாலக்கோடு பக்கம் ஊருக்குச் சற்று வெளியே வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். பூச்சு வேலைக்கு முன்னால் பைப் புதைக்க வேண்டும், அதனால் ஒயர்மேன் அண்ணன் வந்து "கிச்சன்ல எத்தன பாயின்ட் தம்பி?" என்று கேட்டபோதுதான் எனக்கு எதுவும் தெரியாது என்பதே தெரிந்தது. பழைய வீட்டில் ஹாலில் இருந்து போன ஒன்றரை ஸ்கொயர் (ஒயர் கம்பியின் தடிமன், சதுர மில்லிமீட்டரில்) ஒயர் ஒன்றுதான் சமையலறைக்கும். மிக்சி ஓடும்போது இன்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் அடிக்கடி ஃப்யூஸ் போகும், அந்த பிளக்கின் முனை பழுப்பேறிப் பாதி உருகியே இருந்தது, ஆனாலும் பத்து வருடம் ஓட்டிவிட்டோம்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன், பொருள் பொருளாக எழுதிக் கூட்டினேன். இன்டக்‌ஷன் 2000 வாட், கெட்டில் 1500, ஓவன் 1500, மிக்சி 750, கிரைண்டர் 150, ஃப்ரிட்ஜ் 200, சிம்னி 200, ஆர்ஓ 60. (எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களை நினைத்தால் ஆர்ஓ வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.) மொத்தம் 6360 வாட். அதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன், ஆனால் இந்த எண் கிட்டத்தட்ட உபயோகமில்லாதது என்று பிறகு புரிந்தது. எல்லாமே ஒரே நேரத்தில் ஓடுவதில்லை, எது எதோடு சேர்ந்து ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

அதனால் ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்ட்டை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரை வாங்கிக்கொண்டு பழைய வீட்டில் ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு எழுந்து சமையலறைக்குள் நின்றேன். அம்மாவுக்கு எரிச்சல். காலையில் சேர்ந்து ஓடுவது இன்டக்‌ஷன், மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், அதாவது 3100 வாட், 13 ஆம்பியரைத் தாண்டும். அதே நேரம் குளியலறையில் 2000 வாட் கீசரைப் போட்டால் 5100, சுமார் 22 ஆம்பியர். கெட்டிலும் ஓவனும் மாலையில்தான், அவை இந்தக் கூட்டத்தில் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் வீடு லைனின் கடைசியில் இருப்பதால் மாலையில் மீட்டரில் 198 வோல்ட்தான் வந்தது. கெட்டில் மாதிரி வெறும் கம்பிச்சுருளால் சூடாகிற சாதனத்துக்கு வோல்டேஜ் குறைந்தால் வாட் அதன் வர்க்கத்தில் குறையும், 1500 வாட் கெட்டில் 1100 சொச்சம்தான் தரும். டீ போட இவ்வளவு நேரமா என்று இத்தனை வருடம் கெட்டிலைத் திட்டியது வீண்.

புது வீட்டு சப்ளைக்கு மும்முனையாகவே (மூன்று பேஸ்) விண்ணப்பித்தோம். நம் ஊரில் சிங்கிள் பேஸ் 4 கிலோவாட் வரைதான். மூன்று பேஸ் வந்தபிறகு சமையலறையை ஒன்றிலும் கீசரை இன்னொன்றிலும் பிரித்துவிடலாம். ஆனால் ஒரு பேஸ் போனால் சமையலறை மட்டும் இருளாகி வீட்டின் மீதி பளிச்சென்று இருக்கும், அதற்கு வேறு பேஸுக்கு மாற்றிக்கொள்ள ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் டிபி (எல்லா சர்க்யூட்டும் பிரியும் பெட்டி) பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதைவிடப் பெரிய பயம் நியூட்ரல், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பும் ஒயர், கட் ஆவதுதான். அப்போது லோடு குறைவாக இருக்கும் பேஸில் வோல்டேஜ் 400 பக்கம் வரை ஏறி ஃப்ரிட்ஜைச் சாப்பிட்டுவிடும், அதனால் வோல்டேஜ் கூடினால் தானே கட் ஆகும் ஒரு ரிலேயும் போட்டோம். செலவுதான், ஆனால் ஃப்ரிட்ஜ் விலையை நினைத்தால் பரவாயில்லை.

சர்க்யூட் பிரித்தது இப்படி: இன்டக்‌ஷனுக்குத் தனியாக நான்கு ஸ்கொயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்). மேடையின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி இரண்டரை ஸ்கொயர், 16 ஆம்பியர், ஒன்றில் இரண்டு பிளக்குக்கு மேல் இல்லை. லைட்டும் சிம்னியும் ஒன்றரை. ஃப்ரிட்ஜும் ஆர்ஓவும் தனி ஆர்சிசிபியில் (கரண்ட் லீக் ஆனால் விழும் சுவிட்ச்), காரணம் ஈரமான கிரைண்டர் லேசாக லீக் ஆகி மற்ற சர்க்யூட்டின் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி விழுந்தாலும் ஊருக்குப் போயிருக்கும்போது பால் கெடாமல் இருக்க வேண்டும்.

எர்த் குழிதான் ஆளைக் கொன்றது. இரண்டரை மீட்டர் பைப் இறக்க வேண்டும், நான்கடியில் கருங்கல். கடப்பாரை போட்டால் நெருப்பு பறக்கிறது. அண்ணன் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டுக் காட்டி, "பாருங்க, முழுசா எரியுது" என்றார். எனக்குச் சந்தேகம். அந்த பல்பு சூடான பிறகு அதன் மின்தடையே 500 ஓம் பக்கம், எர்த் 50 ஓம் இருந்தாலும் பல்பில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. எர்த் டெஸ்டர் ஒன்றை வாடகைக்கு வாங்கி அளந்தால் 23 ஓம், இது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தோட்டத்தின் தாழ்வான ஓரத்தில், மண் கொஞ்சம் ஆழம் இருக்கும் இடத்தில், இரண்டாவது குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு இரண்டையும் இணைத்தபிறகு 6 ஓம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அண்ணன் உத்தரவு.

பிளக் பாயின்ட்டுகளை எப்படிக் குறித்தேன் என்றால், காலி அட்டைப்பெட்டிகளில் மிக்சி, ஓவன் என்று எழுதி மேடை வரும் இடத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்து, அம்மாவை நிற்கச் சொல்லி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். சிங்க்கிலிருந்து இரண்டடி தள்ளி, மேடைக்கு ஒரு அடி மேலே. ஃப்ரிட்ஜ் பிளக் பின்னால் மறைந்தாலும் சுவிட்ச் மேடை உயரத்தில். எல்லாம் சரி என்று நினைத்துப் பூச்சும் முடித்தாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கிரைண்டர் பாயின்ட் எங்கடா?" என்றார். மேடையைக் காட்டினேன். "அதுமேல தூக்கி வெச்சி யாரு மாவு வழிக்கிறது? நான் கீழ ஒக்காந்துதான் அரைப்பேன்" என்றார். இப்போது புதுப் பூச்சில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மறுபடியும் காடி வெட்டியிருக்கிறோம், பைப் போட்டாயிற்று, பூச இன்னும் கொத்தனார் வரவில்லை.