அறுந்த நரம்பும் அதைத் துப்புரவு செய்யும் செல்களும்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வெள்ளித் தகடு கிழித்தாலும் சரி, ஏற்காட்டு மலைப்பாதையில் பைக் சரிந்து கண்ணாடி குத்தினாலும் சரி, மணிக்கட்டில் வெட்டு என்றால் விரல் நுனி மதமதக்கிறதா என்று உடனே கேளுங்கள். மதமதத்தால் நரம்பு அறுந்திருக்கலாம். (ரத்தக்குழாயையும் தசைநாணையும்கூட நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், நான் சொல்வது தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு.) சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம். முனைகளை மைக்ரோஸ்கோப் வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் சில நாட்களுக்குள் தைப்பது நல்லது.

தைத்ததும் நரம்பு ஒட்டிக்கொள்வதில்லை. வெட்டுக்கு அப்பால், விரல் பக்கம் உள்ள நரம்பிழை சில நாட்களில் துண்டுதுண்டாகச் சிதையும். அதைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறையும் குப்பையாகும். புது இழையை வளரவிடாத பொருட்கள் அந்தக் குப்பையில் உண்டு. உறையைக் கட்டிய ஷ்வான் செல்களே கொஞ்சம் தின்கின்றன. மீதிக்கு வேதிச் சமிக்ஞை அனுப்பி ரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ்களை வரவழைக்கின்றன. நோயெதிர்ப்புப் படையின் துப்புரவாளர்கள் இவை. துப்புரவோடு நிற்பதுமில்லை. எலிகளில் பார்த்தது: முனைகளுக்கு நடுவே ஆக்ஸிஜன் குறைந்ததை உணர்ந்து இவை ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்க, மெல்லிய ரத்தக்குழாய்கள் கொடியோடுகின்றன, அவற்றைப் பற்றி ஷ்வான் செல்கள் நகர, பின்னாலேயே நரம்பிழை வருகிறது.

அதனால் வீக்கம் வடியட்டும் என்று மெடிக்கலில் நீங்களாகவே ஸ்டீராய்டு வாங்கி விழுங்காதீர்கள், அது இந்தச் செல்களை அடக்கிவிடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். அது ஏறினால் இந்தச் செல்களும் மந்தமாகும்.

தண்டுவடத்தில் கதை வேறு. அங்கே குப்பை வருடக்கணக்கில் கிடக்கும். 1998இல் இஸ்ரேலிய விஞ்ஞானி மிக்கால் ஷ்வார்ட்ஸின் குழு பக்குவப்படுத்திய மேக்ரோஃபேஜ்களை ஊசியில் செலுத்தியபோது, தண்டுவடம் அறுந்த எலிகள் சில பின்னங்காலை ஓரளவு அசைத்தன. மனிதரிடம் நடந்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

கைக்கு வருவோம். இழை வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதம், தொடக்கத் தாமதம் தனி. காயம் ஆறியபின் விரல் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே மின்சாரம் பாய்ந்த மாதிரி விர்ரென்கிறதோ, இழை அதுவரை வந்திருக்கிறது. பேனாவால் புள்ளி வைத்து தேதி எழுதுங்கள். மாதம் சுமார் 3 சென்டிமீட்டர் நகர வேண்டும். மூன்று மாதமாகியும் நகராவிட்டால் சர்ஜனிடம் காட்டுங்கள்.

அதுவரை அந்த விரலுக்குச் சூடு தெரியாது. காப்பி டம்ளரை மற்ற கையால் தொட்டுப் பார்த்தே எடுங்கள்.