அம்மாவும் அவளது கூட்டமும்

தங்கச்சிமடத்தில் மீன் ஆய்கிற எந்தப் பெண்ணைச் சுற்றியும் நாலு பூனை நிற்கும். அம்மாவைச் சுற்றி நாய், காக்கா, கோழி, ஆட்டுக்குட்டி என்று ஒரு ஊரே நிற்கும். பாறை மீனின் தலையும் குடலும் பூனைகளுக்கு. நல்ல துண்டு ஒன்று எப்போதும் 'கை தவறி' நாய்க்கு விழும். எங்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அவள் சிறுமி. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சொந்தக்காரர்களைவிட, அவிழ்த்துவிட முடியாமல் போன செவலைப் பசுதான் அதிகம் வரும்.

ஒருமுறை அப்பாவின் வலையில் பேராமை சிக்கியது. ஆமை பிடிப்பது சட்டப்படி குற்றம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. "அதுவும் மூச்சு விட மேல வரணும்ல? வாயில்லாச் சீவன்ய்யா" என்று கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டாள். புது நைலான் வலை! அப்பா அதைத் தைத்து முடிக்கும்வரை அவளோடு பேசவில்லை. ஆமை போன திசையில் நின்று அவள்தான் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

சீமைக்கருவேலத்தைத் திட்டாத ஆள் எங்கள் மாவட்டத்தில் உண்டா? அம்மா திட்டமாட்டாள். கோடையில் ஆடுகளுக்கு அதன் நெற்றுதானே தீனி. சாக்கு நிறையப் பொறுக்கி வருவாள், கையெல்லாம் முள் கீறல்.

போன ஐப்பசியில் போய்விட்டாள். ஆடுகளைச் சித்தி ஓட்டிப் போனார். பூனைகள் என் பொறுப்பு. கடையில் வாங்கிய பூனைத் தீனியை வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. சரி, இப்போது நானும் காலையில் மீன் வாங்கப் போகிறேன்.