ஸ்பிரிங் மாற்றினால் போதும் என்றார்கள்

காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன, என் வண்டியை உயர்த்தும் வேலை, மூன்று மாதம் இழுத்து நேற்றுதான் முடிந்தது. எரிச்சல் இன்னும் தீரவில்லை. லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு) வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் நான் அலைந்த அலைச்சலை அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங், முன்னால் ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் தண்டு) உள்ள வண்டி. லேண்ட் குரூசர் 80, ஜிம்னி எல்லாம் இந்த வகைதான். முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளின் தலைவலி வேறு. அதைப் பற்றி நான் பேசவில்லை.

50 மி.மீ. உயர ஸ்பிரிங், அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர். ஆர்டர் போட்டது, வந்து சேர்ந்தது எல்லாம் சிக்கலில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன்: வண்டி நிரந்தரமாகச் சுமக்கும் எடையைச் சொல்லித்தான் ஸ்பிரிங் கேட்டேன். வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) இரும்பு பம்பரும் இல்லாத வண்டிக்கு அவற்றைத் தாங்கும் ஸ்பிரிங்கைப் போட்டால், சொன்ன உயரத்துக்கு மேலேயே எழும்பி நிற்கும்; கரடுமுரடில் அமுங்காமல் குதிக்கும்.

பட்டறையில் விடும்போதே கேஸ்டர் பற்றி, அதாவது முன் சக்கரங்கள் திரும்பும் அச்சின் சாய்வைப் பற்றிக் கேட்டேன். "ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாத்தினா போதும் சார். நெட்ல பார்த்துட்டு பயப்படாதீங்க" என்றார் மெக்கானிக். இருபது வருட அனுபவம் என்கிறாரே, சரி என்று விட்டுவிட்டேன்.

மாலையில் வண்டி அழகாக நிமிர்ந்து நின்றது. மெயின் ரோட்டில் 70-ஐத் தாண்டியதும் கை வியர்த்துவிட்டது. வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. திருப்பின இடத்திலேயே நின்றது. எதிரே வந்த லாரியின் காற்றுக்கே வண்டி ஒதுங்கியது. நேர் ரோட்டில் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் திரும்பப் போனால், "புது ஸ்பிரிங் இல்லையா, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள். ஸ்பிரிங் கொஞ்சம் அமர்வது உண்மைதான், சில மி.மீ. அளவுக்கு. ஆனால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் குணம் தொலைந்தால், அதனால் திரும்பி வராது. அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் அலைன்மென்ட் கடைக்கு இரண்டு நடை. இரண்டு தடவையும் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை) மட்டும் சரிசெய்து, "எல்லாம் பச்சையில இருக்கு" என்று தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது தாளை வீட்டில் மேஜையில் விரித்து வரி வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி சிவப்பில் இருந்தது. கேஸ்டர்: இடது 0.7, வலது 0.9. இருக்க வேண்டியது 3 டிகிரி. முழு ஆக்ஸில் வண்டியில் அலைன்மென்ட் கடைக்காரர் கேஸ்டரைத் திருப்ப அங்கே போல்ட்டே கிடையாது, அதனால் யாரும் அந்த வரியைப் பார்க்கவே இல்லை.

சைக்கிளின் முன் ஃபோர்க் மேல்முனை பின்னால் சாய்ந்திருப்பதும்தானே கையை விட்டாலும் நேராகப் போக உதவுகிறது? அந்தச் சாய்வுதான் கேஸ்டர். பாடியைத் தூக்கினால் ரேடியஸ் ஆர்மின் ஆக்ஸில் முனை கீழே இறங்குகிறது, ஆக்ஸில் முன்பக்கமாகச் சுழல்கிறது, சாய்வு போய்விடுகிறது. எனக்கு 50 மி.மீ. உயரத்துக்கு 2 டிகிரிக்கு மேல் போயிருந்தது.

தீர்வு, ரேடியஸ் ஆர்ம் ஆக்ஸிலோடு சேரும் இடத்தில் போடும், நடுவிலிருந்து ஓட்டை விலகிய ஆஃப்செட் புஷ் (ரப்பர் உருளை). வாங்கிக் கொடுத்து, பிரஸ்ஸில் அடித்துப் போட்டு, ஓட்டினால் முன்பை விட மோசம்! மறுபடியும் தாள். இந்தத் தடவை கேஸ்டருக்கு முன்னால் மைனஸ் குறி. டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். புஷ்ஷின் விளிம்பில் திசைக்கான குறி தெளிவாக இருக்கிறது; நாலையும் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். அடித்து எடுக்கும்போது புஷ் கிழிந்துவிட்டது, ஆக இன்னொரு செட் வாங்கவேண்டியதாயிற்று. இம்முறை வழிமுறைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பிரஸ் பக்கத்திலேயே நின்றேன். மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை. 2.8 வந்தது.

அங்கேயே நின்றதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுதாக முறுக்கினார். நிறுத்தச் சொன்னேன். ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுகுகிறதோ அதுதான் அதற்கு நடுநிலை. தொங்கவிட்டு இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கையால் மாட்டி, நாலு சக்கரமும் தரையில் நிற்க, வண்டியை நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம்தான் சொன்ன அளவு விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச்.

ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடால், பாடி உயர்ந்ததும் ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளிப்போகும்; அதைச் சரிசெய்வது சின்ன வேலை. நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டதும் சரியாயிற்று. ஃபெண்டரிலிருந்து நூலில் நட் கட்டித் தொங்கவிட்டு டயர் வரை அளந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். இதை முடித்த பிறகே ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு தடவை செய்ய வேண்டும்.

பிரேக் இரண்டு இடத்தில் பயமுறுத்தியது. ஒரு பின்சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டுப் பார்த்தபோது பிரேக் ஆயில் போகும் ஹோஸ் நரம்பு மாதிரி விறைத்து நின்றது. ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தால் அறுந்திருக்கும். நீள ஹோஸ் மாற்றும் வரை வண்டியை எடுக்கவில்லை. இன்னொன்று, பின் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவே கம்பி வைத்த சுமை உணரும் வால்வு. பாடி உயர்ந்தால் பின்னால் சுமையே இல்லை என்று எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பிரேக் போட்டால் மூக்கு மட்டும் குத்துவதன் காரணம் இதுதான். லிஃப்ட் கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கம்பியின் பிராக்கெட்டை மாற்றியதும் சரியாயிற்று. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். ஹெட்லைட்டையும் இறக்குங்கள், எதிரில் வருபவர் பாவம்.

நேற்று, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க ஒவ்வொரு ஷாக்கின் தண்டிலும் ஒரு கேபிள் டை கட்டிவிட்டு, குறுக்குப் பள்ளங்கள் உள்ள மண்பாதைக்குப் போனேன். ஒரு சக்கரம் மேலே, எதிர்மூலைச் சக்கரம் கீழே. முன்பு அந்தரத்தில் சுற்றிய டயர் இப்போது மண்ணைப் பிடித்து ஏறியது. டயர் எங்கும் உரசவில்லை, ஹோஸ் தளர்வாக இருந்தது. இறங்கி அளந்தேன்: ஆக்ஸில் மேலே வந்து பம்ப் ஸ்டாப்பை (இடிதாங்கும் ரப்பரை) தொட்ட பிறகும் ஷாக்கில் 20 மி.மீ. மிச்சம்.

திரும்பும் வழியில், முதல் நாள் பயந்த அதே வளைவில் பிடியைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் என் உள்ளங்கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்து நின்றது.